ஒரு ரூபாய் நோட்டு நோட்டா, நாணயமா? பழைய பணத்தாள் கேள்வி பதில்

கேள்வி: சார், பத்து, நூறு ரூபாய் நோட்டில் அந்தத் தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி கவர்னரின் வாக்குறுதி இருக்கிறது. ஒரு ரூபாயில் மட்டும் ஏன் இல்லை?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த நோட்டைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். மற்றவற்றை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. இதை மத்திய அரசே வெளியிடுகிறது. கையெழுத்தும் நிதிச் செயலருடையது. முதலில் வந்தது 1917 நவம்பர் 30. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு, ரூபாய் அடிக்க வழியில்லை. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட அந்த நோட்டில் வாக்குறுதி இருந்தது. 1926-ல் நிறுத்தினார்கள். 1940-ல், அடுத்த போரின்போது, ரூபாய் நாணயத்துக்குச் சமமான தகுதியோடு திரும்ப வந்தது. நூறு ரூபாய் நோட்டு நூறு ரூபாய் தருவதாகச் சொல்கிறது. இதுவோ தானே ரூபாய், அப்புறம் எதைத் தருவதாகச் சொல்லும்? 2015-க்குப் பிறகு வந்த நோட்டு இருந்தால் முன்பக்கம் பாருங்கள், ஒரு ரூபாய் நாணயத்தின் படமே அச்சாகியிருக்கும்.

கேள்வி: டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வந்தது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பதிவுக் கட்டணம், வரி என்று உங்களிடம்தான் பணம் பிடுங்குவார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-ல் அந்த வங்கியே எச்சரித்தது.

கேள்வி: தம்பி, வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாள் எப்படி நாணயமாகும்? தவறாகச் சொல்லாதீர்கள்.

பதில்: ஐயா, 2011 நாணயச் சட்டம், 'நாணயம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் அரசின் ஒரு ரூபாய் நோட்டையும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: தாத்தா பெட்டியில் பாதியாக வெட்டிய பெரிய நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம்தான் அச்சு. செல்லாததா?

பதில்: கிழித்த நோட்டு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அந்தக் காலத்துப் பெரிய நோட்டுகள் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தவை. தபாலில் பணம் அனுப்பினால் வழியில் களவு போகும் என்ற பயம் இருந்தது. அதனால் நோட்டை இரண்டாக வெட்டி முதலில் ஒரு பாதியை அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே மறு பாதி. வரிசை எண் இரண்டு இடத்தில் இருப்பதால் பாதிகளைப் பொருத்திப் பார்க்க முடியும். உங்கள் தாளின் ஓரத்தைப் பாருங்கள்: வெட்டு நேராக, சுத்தமாக இருந்தால் இப்படி அனுப்பியதாக இருக்கலாம். பெட்டியில் பழைய கடிதங்கள் இருந்தால் மறு பாதியைத் தேடுங்கள். கிடைத்தாலும் செலோ டேப் போட்டு ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகிக் கறை படியும்.

கேள்வி: என்னிடமும் டிராக்டர் நோட்டு இருக்கிறது, என்ன விலை போகும்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: 786 என்று முடியும் எண்?

பதில்: விருப்பப்பட்டவர் தரும் விலைதான். என் துறை அச்சும் வரலாறும்.

கேள்வி: லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கெடாமல் பிரிக்க முடியாது. டேப், லேமினேஷன், இஸ்திரிப் பெட்டி மூன்றும் பழைய தாளுக்கு எமன். பிவிசி இல்லாத உறை போதும்.

கேள்வி: நோட்டில் நம் ஊர்க் கோயில் வந்திருக்கிறதா?

பதில்: தஞ்சைப் பெரிய கோயில், 1954-ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கம். 1978 ஜனவரியில் செல்லாததாக்கினார்கள்.

கேள்வி: கேஷியர்தான் மறுபடி. நோட்டுக் கட்டோடு கட்டாகத்தானே ஒரு ரூபாய்த் தாளையும் எண்ணினோம்?

பதில்: எண்ணியது சரிதான் ஐயா, சட்டம் வேறு. நோட்டு வெளியிடும் உரிமை ரிசர்வ் வங்கிக்கு மட்டுமே. அதன் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் நோட்டு மதிப்புகள் இரண்டு ரூபாயில்தான் தொடங்குகின்றன. நாணயம் வெளியிடுவது அரசின் உரிமை. நாணயம் என்ற கணக்கில்தான் அரசால் இந்தத் தாளை வெளியிட முடிகிறது.

கேள்வி: அந்த 24-ஆம் பிரிவை நானே எடுத்துப் படித்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் மாறியதும் இதேதானா?

பதில்: ஆமாம் ஐயா. 1949-ல் புது வடிவத்தில் வந்த ஒரு ரூபாய்தான். அரசர் படத்துக்குப் பதில் காந்தி படம் போட யோசித்து, கடைசியில் சாரநாத் சிங்கத் தூணை முடிவு செய்தார்கள்.

கேள்வி: டிராக்டர் நோட்டு...

பதில்: இரண்டாவது கேள்வியைப் படியுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள்.