பலகையில் துளை, தோலில் தீனி

கேள்வி: மாடிப்படிக்கு அடியில் உள்ள மரத்தட்டில் பல ஆண்டுகளாக ஒரு பழைய தோல் பெட்டி இருக்கிறது. அண்மையில் அதைத் திறந்தபோது ஓரங்கள் அரிக்கப்பட்டிருந்தன; உரோமம் அடர்ந்த பழுப்பு நிறப் புழுக்கள் ஊர்ந்தன. தட்டுப் பலகையிலும் சிறு துளைகள் இருக்கின்றன. பார்க்க வந்த பூச்சி ஒழிப்பு முகவர், இது மரத்தைத் தின்னும் வண்டு, வீடு முழுவதும் நச்சுப்புகை போடாவிட்டால் கூரைச் சட்டம் வரை போய்விடும் என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: சரியல்ல. நீங்கள் விவரிக்கும் புழு தோல் வண்டின் புழு. மரம் அதற்கு உணவே அன்று. செத்த உயிரின் தோல், உலர்ந்த இறைச்சி, மயிர், இறகு, உலர்மீன் போன்றவற்றைத் தின்றுதான் அது வளர்கிறது. டெர்மெஸ்டிஸ் என்ற அதன் பேரினப் பெயரே தோலைத் தின்பது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அப்படியானால் பலகையில் துளை ஏன்? முழு வளர்ச்சி பெற்ற புழு கூட்டுப்புழுவாக மாறும் நாள்களில் அசைய முடியாமல் கிடக்கும்; அந்த நிலையில் கூடப்பிறந்த புழுக்களே அதைத் தின்றுவிடக்கூடும். ஆகவே அது தீனியை விட்டு விலகி, மரம், தக்கை, அட்டை, சுவர்ப்பூச்சு என்று அருகில் எது அகப்படுகிறதோ அதைக் குடைந்து உள்ளே ஒளிந்துகொள்கிறது. நீங்கள் காண்பது உறங்கப் போன அறையின் வாசல்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முகவர்கள் அதைத்தான் எங்கும் பொருத்திப் பேசுவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பதப்படுத்தாத தோல்களை அடுக்கும் கிடங்குகளிலும், எச்சமும் செத்த பறவைகளும் சேரும் பெரிய கோழிப் பண்ணைகளிலும் இவ்வண்டுகள் இலட்சக்கணக்கில் பெருகும். அத்தனை புழுக்களும் ஒரே தூணைத் தலைமுறை தலைமுறையாகக் குடையும்போது அந்தத் தூண் உண்மையிலேயே வலுவிழக்கும். பண்ணைக் கட்டடங்களில் சட்டங்களை மாற்ற வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது. ஆனால் அங்கே மரம் கெடுவதற்குக் காரணம் மரமன்று, மரத்தடியில் குவிந்து கிடக்கும் தீனி. தீனியை அகற்றினால் குடைவதற்குப் புழு இராது. உங்கள் படிக்கட்டின் அடியில் இருப்பது ஒரு பெட்டி, கோழிப் பண்ணை அன்று.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஒரு புழுவை வெள்ளைத் தாளில் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். முதுகின் நடுவே வெளிறிய கோடு ஓடும். பின்முனைக்கு அருகே கொம்பு போன்ற இரண்டு கூர்முட்கள் நிற்கும். அவை மேலெழுந்து தலைப்பக்கமாக வளைந்திருந்தால் அது டெர்மெஸ்டிஸ் மாகுலேட்டஸ் என்னும் தோல் வண்டு, பின்பக்கமாக வளைந்திருந்தால் அதன் உறவான டெர்மெஸ்டிஸ் லார்டேரியஸ். வண்டே கிடைத்தால் திருப்பிப் போடுங்கள்: மாகுலேட்டஸ் மேலே கறுப்பாகவும் அடியில் வெண்மையாகவும் இருக்கும், மேல்சிறகுகள் ஒவ்வொன்றும் சிறு முள்ளில் முடியும். மரத்தையே தின்னும் வண்டின் புழு மரத்துக்குள்ளேயே வாழும் வெண்ணிறப் புழு. அது உங்கள் பெட்டிக்குள் உரோமத்தோடு ஊர்ந்து திரியாது. கரையான் என்றால் பெரும்பாலும் மண்பூச்சு இருக்கும்.

பெயர்களை வைத்து மிரட்டுவதற்கும் அசைந்துவிடாதீர்கள். மாகுலேட்டஸ் என்ற பெயரை ஸ்வீடன் பூச்சியியலாளர் டி ஜீர் 1774இல் இட்டார். பின்னால் வல்பைனஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டதும் இதே வண்டுதான். இரண்டு பெயரையும் பட்டியலில் எழுதி இரண்டு பூச்சிக்குக் கட்டணம் கேட்ட ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் தோல் வண்டு என்ற அதே பெயரால் ட்ரோஜிடே என்னும் வேறொரு குடும்பமும் வழங்கப்படுகிறது. அவை சாண வண்டுகளுக்கு உறவானவை; மண் ஒட்டிய முரட்டு முதுகோடு, தொட்டால் செத்ததுபோல் கிடப்பவை; வெட்டவெளியில் காய்ந்துபோன பிணங்களின் மிச்சத்தில் வாழ்பவை. உங்கள் பெட்டிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பூச்சிகளை இனங்காணும் அலுவலகத்துக்கு ஒரு வீட்டுக்காரர் ஒரு வண்டைக் கொண்டுபோய்ப் பெயர் கேட்டால், அது எந்தப் பயிரைத் தாக்குகிறது என்று படிவத்தில் நிரப்பச் சொல்லும் அமைப்பு இருக்கும்வரை, பெயர் சொல்லும் வேலை மருந்து விற்பவரின் கையில்தான் இருக்கும்.

வீடு முழுக்க நச்சுப்புகை என்பதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அதிலும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கையில் கொடுத்து, அறையில் வைத்துக் கதவை மூடுங்கள் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வளி சுவர் விரிசல் வழியே அடுத்த அறைக்குள் புகுந்து ஆளைக் கொல்லும். குடும்பங்களே அப்படி மாண்டிருக்கின்றன. அந்துருண்டையைக் கொட்டி வைப்பதாலும் பயனில்லை. திறந்த அலமாரியில் அதன் ஆவி புழுவைக் கொல்லும் அளவுக்குச் சேராது, உங்களுக்குத்தான் தலைவலி சேரும்.

செய்ய வேண்டியது இதுதான். பெட்டியைக் காற்றுப் புகாத நெகிழி உறையில் சுற்றி, உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஈரம் தோலின் மேல் படிந்து பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் வீட்டைத் தேடுங்கள். பெட்டி மட்டும்தான் தீனி என்று நான் நம்பவில்லை. பதப்படுத்திய பழந்தோலைவிட அவற்றுக்குப் பிடித்தது செத்த எலியும் கைவிடப்பட்ட பறவைக் கூடும் நாய்க்கு வாங்கி மறந்த உலர்தீனி மூட்டையும்தான். அருங்காட்சியகங்கள் எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்ய இதே வண்டுகளை வளர்க்கின்றன. உலர்ந்த சதை எங்கே என்று அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலகைத் துளைகளைத் தூசு உறிஞ்சியால் இழுத்தெடுத்து மெழுகால் அடைத்துவிடுங்கள், மருந்து வேண்டியதில்லை. அப்போது துளை வாயில் உரோமத்தோடு கூடிய காய்ந்த புழுத்தோல் அடைப்பாகச் சிக்கி வந்தால், முகவரிடம் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வெதுவெதுப்பான சூழலில் முட்டையிலிருந்து வண்டாக ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும். ஆகவே பெட்டியைத் திரும்ப வைத்ததும் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இரண்டு மாதம் வாரந்தோறும் பாருங்கள். தாளில் புதிய புழுத்தோலோ எச்சமோ விழுந்தால் பெட்டியை மறுபடி உறைய வைப்பதற்குமுன், நீங்கள் இன்னும் கண்டுபிடிக்காத அந்தச் செத்த எலியைத் தேடுங்கள்.