பிளக் பாயின்ட் பக்கத்து மேசைதான் முதலில் நிரம்பும்

நூலகத்துக்கு லேப்டாப், மொபைலோடு வருகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள், வைஃபை வைத்தால் கூட்டம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் நூலகமே கதி என்று கிடப்பவன் நான். வைஃபைக்காக வருகிறவர்கள் குறைவு. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு அவரவர் போனிலேயே நெட் இருக்கிறது. மேசைக்கும் மின்விசிறிக்கும் அமைதிக்கும்தான் வருகிறார்கள். அப்புறம், சார்ஜ் போட.

பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, சமச்சீர் புத்தகத்தின் பிடிஎஃப்பைப் பார்த்துப் பார்த்து லாங் சைஸ் நோட்டில் குறிப்பு எடுப்பார்கள். சிலரிடம் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும் (2011இல் தொடங்கிய திட்டம்). பேட்டரி எப்போதோ போயிருக்கும், வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். "அண்ணாச்சி, ஒங்க சார்ஜரக் கழத்திட்டு இதக் கொஞ்ச நேரம் போட்டுக்கிடட்டா?" என்று கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

போனில் அதிகம் உழைப்பது கேமராதான். குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். முன்பு ஜெராக்ஸ் கடைக்கு அனுமதி வாங்கி ஓட வேண்டும். இப்போது டியூப்லைட் வெளிச்சம் தாளில் அடிக்காதபடி புத்தகத்தைச் சற்றுத் திருப்பி, வேண்டிய பக்கத்தைப் படம் பிடித்தால் முடிந்தது. சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவில் நகல் எடுப்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் சுருட்டுவது வேறு கதை.

பெரியவர்களையும் குறைவாக நினைக்காதீர்கள். பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை டேப்லெட்டில் இறக்கி வைத்திருக்கிறார். பொடி எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

சரி, வைஃபை வைத்தே தீருவோம் என்றால் ரூட்டரை அலுவலக அறையில் பூட்டி வைக்காமல் வாசிப்புக் கூடத்தில் வையுங்கள். இடையில் இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றால் சிக்னல் தேயும். ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் திணறும், 2.4 கொஞ்சம் தூரம் போகும். வைஃபைக்குள் நுழையக் கேட்கும் ஓடிபி வராமல் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் முதலில் மேசைக்கு ஒரு பிளக் பாயின்ட் போடச் சொல்வேன்.