சதுரப் பள்ளமும் நடுவே மேடும் இருந்தால் அது அரண் மாளிகையா?

இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலமொன்றில் சதுரப் பள்ளமும் நடுவே மேடும் தெரிவதாகவும், அது இடைக்காலப் பிரபுவின் அரண் செய்த மாளிகையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அகழி சூழ்ந்த மனை என்று சொல்லலாம். அரண் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். அந்நாட்டில் இப்படிப்பட்ட மனைகள் சுமார் 6,000 உண்டு. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் உருவானவை. பலருக்கு அகழி என்பது பாதுகாப்பைவிட அந்தஸ்து. பக்கத்து ஊர்க்காரர் வெட்டினால் நாம் சும்மா இருப்பதா!

முதலில், வெட்டிய மண் எங்கே போனது என்று பாருங்கள். உள்விளிம்பில் உயரமான கரையாகக் குவிந்திருந்தால் தற்காப்பு நோக்கம் இருந்திருக்கலாம். உள்ளே பரப்பி மேடாக்கியிருந்தால், ஈர நிலத்தில் வீட்டுக்கு உலர்ந்த தளம் தேடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் அணை போன்ற கரை, அதில் மதகு இருந்த வெட்டு என்றால் மீன் குளமாகவே இருக்கக்கூடும்.

சுற்றிலும் பழைய உழவின் நீண்ட மண்வரிசைகள் இருக்கின்றனவா? அவை அகழி விளிம்பில் சட்டென்று அறுபட்டு, எதிர்ப்புறம் அதே கோட்டில் தொடர்ந்தால் அகழி பிந்தியது. அகழியை ஒட்டி வளைந்து சென்றால் அகழி முந்தியது. சாய்வெயிலில் இது வெறுங்கண்ணுக்கே தெரியும். வானிலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் படத்தில் இன்னும் துலக்கம்.

பிறகு ஆவணங்கள். அரண்செய்ய அரசரிடம் உரிமம் வாங்கிய பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். உதாரணமாக, இங்கிலாந்தின் ஸ்டோக்சே மாளிகையை அரண்செய்ய கம்பளி வணிகர் லாரன்ஸ் 1291-இல் அரச உரிமம் பெற்றார். ஆனால் உரிமம் வாங்கிய எல்லோரும் கட்டிவிடவில்லை. வாங்காமல் கட்டியவர்களும் உண்டு.