அம்மாவின் சிங்கப்பூர் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

வணக்கம். இது 2021 டிசம்பர் இறுதியில், அன்றைய கோவிட் விதிகளை வைத்து எழுதியது; அந்த விதிகள் இப்போது இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவுக்கு 2022 ஜனவரி 8-ல் சென்னை–சிங்கப்பூர் வி.டி.எல். (தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் போகும் சிறப்பு விமானம்) டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், ஒமைக்ரான் என்ற புது வகைக் கொரோனா பயத்தில் ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

2021 டிசம்பர் 23 முதல் 2022 ஜனவரி 20 வரை சிங்கப்பூருக்குள் வரும் வி.டி.எல். விமானங்களுக்குப் புது டிக்கெட் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே டிக்கெட் வைத்திருப்பவர்கள் போகலாம். அதை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொரு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாதாரண விமானம் என்றால் தனிமைப்படுத்தல். பிரசவ நேரத்தில் அம்மா ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தால் தங்கைக்கு யார் துணை?

அப்புறம், காகித வேலை. இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் பாஸ்போர்ட் எண் சேர்த்த தடுப்பூசிச் சான்றிதழை எடுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்து, சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால் இன்றே திருத்துங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவதே இங்கேதான். குறுகிய கால விசா என்பதால் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலருக்குக் கோவிட் சிகிச்சைக் காப்பீடும் வேண்டும். கோவிட் பரிசோதனை, கிளம்புவதற்கு முந்தைய 2 நாளுக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் இன்னொரு கோவிட் பரிசோதனை (பிசிஆர்) உண்டு. முடிவு வரும்வரை அம்மா ஒதுங்கி இருக்க வேண்டும். தங்கைக்கு நிறைமாதம், தனி அறை ஒன்றை இப்போதே ஒழித்து வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றிக்கொள்ளும்படி எடுங்கள். விதிகள் அதற்குள் எப்படியும் மாறும்.