நாங்கள் இணையதளங்களுக்கு சர்வர் இடம் தரும் (ஹோஸ்டிங்) நிறுவனம். தள மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக 400 பேருக்கு எச்சரிக்கை மடல் அனுப்பியும் 11 பேர்தான் புதுப்பித்தார்கள். வாடிக்கையாளர்கள் புதுப்பிப்பதில்லையே?

எல்லாருக்கும் ஒரே மடல் அனுப்புவதை நிறுத்துங்கள். ஓட்டையுள்ள மென்பொருள் பதிப்பு எந்தக் கணக்குகளில் இருக்கிறதோ அவற்றுக்கு மட்டும் அனுப்புங்கள். தளத்தின் பெயர், கோப்புறை, இப்போதைய பதிப்பு, மாற வேண்டிய பதிப்பு நான்கும் முதல் வரியிலேயே இருக்கட்டும். "உங்கள் தளம் பாதிக்கப்பட்டிருக்கலாம்" என்று பொதுவாகத் தொடங்கும் மடலை நானே படிப்பதில்லை.

400 பேரில் 11 பேர்தான் புதுப்பித்தார்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் முகவரிதான் கோளாறு: ரசீது போகும் முகவரி கணக்கருடையது, தளத்தைப் பராமரிப்பவர் வேறொருவர். புதுப்பிக்காதவர்களில் 10 பேரை எடுத்து, மடல் திரும்பி வந்ததா, தளத்தை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் (கண்ட்ரோல் பேனல்) கடைசியாக எப்போது நுழைந்தார்கள் என்று பாருங்கள். ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவரைத் தொலைபேசியில்தான் பிடிக்க வேண்டும்.

மடலில் சுட்டி (லிங்க்) வேண்டாம். கடவுச்சொல் திருடர்களின் மடலும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். வழக்கம்போல் உள்நுழையச் சொன்னால் போதும்.

கடுமையான ஓட்டைகளுக்கு மடலையே நம்பியிருக்க முடியாது. 2014 அக்டோபர் 15 அன்று தளங்களை உருவாக்கப் பயன்படும் ட்ரூபல் 7 மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வெளியானது. 7 மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழு பிறகு அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் அந்த ஓட்டை வழியாக வரும் தாக்குதலைச் சர்வரிலேயே மறிக்கும் தடுப்பு விதி, பிறகுதான் மடல்.

ஒன்றில் மட்டும் கவனம்: டெபியன், ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் தரும் மென்பொருள் பொதிகளில் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்த்திருப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்து, ஓட்டை ஏற்கெனவே அடைபட்டவர்களையும் எச்சரித்தீர்களானால், அடுத்த மடலை யாரும் திறக்க மாட்டார்கள்.