வர்ஜீனியாவில் கவுண்டி வரி ரேட்டைக் குறைத்த பிறகும் சொத்து வரி பில் ஏன் கூடுகிறது? அந்தப் பணம் பள்ளிக்குத்தான் போகிறதா?

நான் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு வைத்திருக்கிறேன், பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அதனால் இந்தக் கவுண்டியை வைத்தே சொல்கிறேன். பக்கத்துக் கவுண்டியான லௌடனில் வீடு பார்ப்பவர்களுக்கும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பில். இங்கே ரேட் என்பது வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு எவ்வளவு வரி என்ற கணக்கு. 2024இல் அது 1.125 டாலர், 2025இல் 1.1225. கால் சென்ட் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 நிலவரப்படி கவுண்டி உங்கள் வீட்டுக்குப் புதிதாக மதிப்புப் போடும், அதுவும் முழுச் சந்தை விலைக்கு. 7 லட்சம் டாலர் வீட்டுக்குப் பழைய ரேட்டில் வரி 7,875 டாலர். அதே வீட்டை மறுவருடம் 7.5 லட்சம் என்று மதிப்பிட்டால், குறைந்த ரேட்டிலும் 8,418 டாலர் வந்துவிடும். ரேட் குறைந்தது என்ற செய்தியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் போட்ட மதிப்பைச் சொல்லும் அசெஸ்மென்ட் கடிதத்தைப் பாருங்கள். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம், அக்கம்பக்கத்தில் விற்ற அதே மாதிரி வீடுகளின் விலைதான் அதற்கு ஆதாரம்.

இன்னொரு காரணமும் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு இங்கே அலுவலகக் கட்டிடங்கள் நிறைய காலியாகக் கிடக்கின்றன. அவற்றின் மதிப்பு சரியச் சரிய, அந்தச் சுமை குடியிருப்பு வீடுகள் பக்கம் நகர்ந்துவிட்டது.

சரி, பணம் எங்கே போகிறது? கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கும் சற்று அதிகமான பங்கு பள்ளிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தை மாநில அரசு கொடுத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும். இங்கே மாநிலமும் பணம் தருகிறது, ஆனால் பணக்காரக் கவுண்டிக்குக் குறைவாகத் தருகிறது. வீட்டு மதிப்புக்கு 50 சதவீதம், மக்கள் வருமானத்துக்கு 40, விற்பனை வரிக்கு 10 என்று எடை போட்டு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸ் போன்ற கவுண்டி அடிப்படைச் செலவில் பெரும்பங்கைத் தானே ஏற்க வேண்டும். ஏழைக் கவுண்டிகளுக்கு அதிகம் போவது நியாயம், அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் மாநிலம் ஒதுக்கும் மொத்தத் தொகையே போதாது. சட்டமன்றத்தின் ஆய்வு அமைப்பான ஜேலார்க் 2023இல் வெளியிட்ட அறிக்கை, வர்ஜீனியா பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்குக் கிடைக்கும் நிதி 50 மாநிலங்களின் சராசரியைவிட 14 சதவீதம் குறைவு என்று சொன்னது. அந்தக் குறையை ஈடுகட்டும் பணம் கடைசியில் நம் வீட்டு வரியிலிருந்துதான் வருகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம்தான், சுமார் 1.8 லட்சம் மாணவர்கள் படிக்கும் அமைப்பை நடத்துகிறது. ஆனாலும் அது பணத்தை, கவுண்டியை ஆளும் குழுவின் உறுப்பினர்களான சூப்பர்வைசர்கள் பத்துப் பேரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சூப்பர்வைசர்களோ மொத்தத் தொகையை முடிவு செய்யலாமே தவிர, எந்த வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று சொல்ல முடியாது. வகுப்பில் கூட்டம் அதிகம், ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். 2025இல் பள்ளிகள் கேட்ட தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. அதை முடிவு செய்த இடம் வேறு.

அந்த முடிவு எடுக்கப்படும் காலம் பிப்ரவரியிலிருந்து மே வரை. பிப்ரவரியில் கவுண்டி நிர்வாகி பட்ஜெட் திட்டத்தை வைப்பார். மார்ச்சில் சூப்பர்வைசர்கள் ஓர் உச்ச ரேட்டை விளம்பரம் செய்வார்கள். இந்தக் கட்டத்தைக் கவனியுங்கள்: விளம்பரம் செய்த ரேட்டுக்குக் கீழே இறங்கலாம், மேலே போக முடியாது. ஏப்ரலில் பொதுமக்கள் பேசும் கூட்டங்கள், மே மாதத்தில் இறுதி முடிவு, ஜூலை 1இல் புது நிதியாண்டு. அப்புறம் ஜூலை 28, டிசம்பர் 5 என்று இரண்டு தவணையாக வரி கட்ட வேண்டும். டிசம்பரில் பில்லைப் பார்த்துவிட்டு வாட்ஸாப் குழுவில் கொதிப்பதால் ஒன்றும் நடக்காது.

ஏப்ரல் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களும் பெயர் பதிவு செய்து பேசலாம். நம்மில் பலருக்கு ஓட்டு இல்லை, ஆனால் வரி கட்டுகிறோம், நம் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து போய்ப் பேசுங்கள். ரேட்டில் ஒரு சென்ட் என்பது இந்தக் கவுண்டியில் 3 கோடி டாலருக்கு மேல். வரியைக் குறையுங்கள் என்று கேட்கப் போனாலும் சரி, பள்ளிக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்கப் போனாலும் சரி, இந்தக் கணக்கை வைத்துப் பேசினால் மதிப்பு இருக்கும். நான் இரண்டாவது கட்சி.

வீட்டு வரியை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல என்று கவுண்டிக்கே தெரியும். ஆனால் மாநிலம் அனுமதித்த வரியைத்தான் கவுண்டி போட முடியும். உணவக வரிக்கு 2016இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், தோற்றது. 2020இல் மாநிலம் சட்டத்தை மாற்றி, வாக்கெடுப்பு இல்லாமலே போடலாம் என்றது. அதன்படி 2025 மே மாதம் 4 சதவீத உணவக வரிக்கு ஒப்புதல் தந்தார்கள், 2026 ஜனவரி 1 முதல் அமல். ஹோட்டலில் தோசை விலை கொஞ்சம் ஏறும். வீட்டு வரியை இன்னும் ஏற்றுவதைவிட இது பரவாயில்லை என்பேன்.

லௌடனில் 2025 ரேட் 0.805 டாலர்தான். காரணம் ஆஷ்பர்னைச் சுற்றியுள்ள டேட்டா சென்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் கணினிகளுக்கு 100 டாலருக்கு 4.15 டாலர் என்று தனி வரி வாங்குகிறார்கள், அந்த வருமானம் வீட்டுக்காரர்களின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் ஒரே தொழிலை இவ்வளவு நம்பியிருப்பது எனக்கு உறுத்துகிறது. இந்த ரேட் அப்படியே நீடிக்கும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கடன் வாங்காதீர்கள்.

அங்கே புது வீடு வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடிக்காத வீட்டுக்கு முதல் பில் நிலத்தின் மதிப்பில் மட்டும் வரலாம். கடன் கொடுப்பவர் அதை வைத்து எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) போட்டால் மறுவருடம் மாதத் தவணை சட்டென்று ஏறிவிடும். வாங்கும் விலைக்கு முழு வரி எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்த்து, அந்தத் தொகைக்கு எஸ்க்ரோ வைக்கச் சொல்லுங்கள்.