ஸ்லாட் இருக்கு, டிரைவர் இருக்கா?

மண்டபம், மீன் கம்பெனிக்காரர்: எடை மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சீரியல் கார்டைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றினேன். புதியதில் நுழையவில்லை. கடைக்காரர் "நல்லா அமுக்குங்க" என்கிறார்.

அமுக்காதீர்கள். உங்களுடையது பிசிஐ கார்டு, போர்டின் பள்ளத்தில் (ஸ்லாட்) செருகும் கார்டுகளில் 1992-ல் வந்த வகை. புது போர்டில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். பெயர் ஒட்டிக்கொண்டாலும் பள்ளம் வேறு. அந்தக் கார்டுக்குப் பதிலாக யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்குங்கள். எடை போடும் சாஃப்ட்வேர் எந்த காம் போர்ட் (சீரியல் இணைப்பு) எண்ணைத் தேடுகிறதோ, அதையே வின்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கேபிளுக்குக் கொடுத்துவிடலாம்.

கீழக்கரை: லேப்டாப்பின் எம்.2 ஸ்லாட்டில் ஆஃபரில் வாங்கிய புது என்விஎம்ஈ எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) அழகாக உட்கார்ந்தது. பயாஸிலேயே தெரியவில்லை. வின்டோஸை மாற்றினால் வருமா?

வராது. பயாஸ் வின்டோஸுக்கு முன்பே ஓடுவது, அதற்கே தெரியாதது வின்டோஸுக்கும் தெரியாது. எம்.2 என்பது பள்ளத்தின் வடிவம்தான். அதில் ஓடும் இணைப்பு சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐ எக்ஸ்பிரஸாகவும் இருக்கலாம். என்விஎம்ஈக்கு இரண்டாவதுதான் வேண்டும். உங்கள் லேப்டாப்பின் பள்ளம் சாட்டா மட்டும் போலிருக்கிறது. ஆஃபர் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்தீர்களே, மேனுவலை ஒருமுறை பார்த்திருக்கலாமே?

தொண்டி: வின்டோஸ் 7 போடும்போது என்விஎம்ஈ டிஸ்க்கைக் காட்டவில்லை.

வின்டோஸ் 7 வந்தது 2009-ல். என்விஎம்ஈ விதிமுறை வந்தது 2011-ல். பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படித் தெரியும்?

ராமேஸ்வரம், மாணவர்: பழைய பிசிஐ சவுண்ட் கார்டு மலிவாக வாங்கினேன். ஸ்லாட்டில் பொருந்தியது, 64-பிட் வின்டோஸ் 10-ல் சத்தமே இல்லை. பெட்டியில் "வின்டோஸ் சப்போர்ட்" என்று போட்டிருக்கிறதே?

தம்பி, அந்த "சப்போர்ட்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். எந்த வின்டோஸ், எத்தனை பிட் என்று பெட்டிக்காரன் சொல்வதில்லை. பிசிஐ கார்டு தன் நிறுவன எண்ணையும் சாதன எண்ணையும் தானாகவே சொல்லிவிடும். ஆள் யாரென்று வின்டோஸுக்குத் தெரிந்துவிடும், ஆனால் வேலை வாங்க டிரைவர் என்ற சாஃப்ட்வேர் வேண்டும். 32-பிட் டிரைவர் 64-பிட் வின்டோஸில் ஏறாது. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரையும் அது சாதாரணமாக உள்ளே விடாது. டிவைஸ் மேனேஜரில் அந்த இரண்டு எண்களையும் எடுத்துத் தேடிப் பாருங்கள். வின்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று போட்டும் பாருங்கள், பழைய கார்டுகளை அது இன்னும் மறக்கவில்லை.

நானும் ஏமாந்தவன்தான். வின்டோஸ் 98 காலத்தில், போன் வழியே நெட் பிடிக்க, பிசிஐக்கும் முந்தைய ஐஎஸ்ஏ வகை மோடம் ஒன்று வாங்கினேன். போர்டில் ஐஎஸ்ஏ, பிசிஐ இரண்டு பள்ளங்களும் இருந்தன. மோடத்தை காம் 3-ல் வைத்துக் கொடுத்திருந்தார்கள், என் மவுஸோ காம் 1. இரண்டுக்கும் ஒரே ஐஆர்க்யூ 4, அதாவது ப்ராசஸரைக் கூப்பிட ஒரே மணி. மோடம் டயல் செய்யும், மவுஸ் செத்துவிடும். டார்ச் அடித்து, குண்டூசியால், அந்த எண்ணை மாற்றும் குட்டி ஜம்பரை நகர்த்தியே ஒரு ஞாயிறு போனது. கடையில் கேட்டதற்கு, "சப்போர்ட் பண்ணுமே சார்!"

தங்கச்சிமடம், ஜெராக்ஸ் கடை அம்மா: புதுசு என்று விற்ற நெட்வொர்க் கார்டின் தங்க விளிம்பில் பச்சை படிந்திருக்கிறது. வாங்கி மூன்று நாள்தான். உப்புக்காற்று என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை.

அம்மா, நானும் இந்தக் கடலோரம்தான். மூன்று நாளில் உப்புக்காற்று இதைச் செய்யாது. அது ஏற்கெனவே எங்கோ செருகிக் கழற்றிய கார்டு. ஜிபே பதிவையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதுவரை யார் சொன்னாலும் ரப்பர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அந்தப் பச்சைதான் உங்கள் சாட்சி.